அண்ணன் கட்சி, மாமனார் சங்கம்

என் மாமனார் தலைவராக இருந்த சங்கத்தை விட்டு என் அண்ணன் வெளியேறிய நாளில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உலையில் சோறு வடித்துவிட்டுக் காத்திருந்தேன். கூட்டம் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில்தான் நடந்தது. ரயில் பாதையை ஒட்டிய வீடு. என் கணவர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. வண்டி வரும்போதெல்லாம் பேசுகிறவர் நிறுத்திக்கொள்வார், வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அது எங்கள் வீட்டுக் கூட்டங்களின் வழக்கம்.

அன்று கூட்ஸ் வண்டி வந்தபோது அண்ணன் நிறுத்தவில்லை. வாய் அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறான் என்று யாருக்கும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகு எல்லார் காதிலும் விழுந்தது முடிவு மட்டும்தான்.

"கால்ல விழ வைக்கறதுக்கு ஒரு சங்கம் எதுக்கு?"

விஷயம் என் பிறந்த ஊரைப் பற்றியது. கூட்டேரிப்பட்டிலிருந்து மேற்கே நடந்து போகிற தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். ஊர் என்று நான் சொல்வது பழக்கத்தில். நாங்கள் இருந்தது சேரி, ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் பெரிய வீட்டுக்காரரின் உழவு மாடு ஒன்று செத்துப்போனது. செத்த மாட்டைத் தூக்கிப்போக வழக்கம்போலச் சேரிக்கு ஆள் அனுப்பினார்கள். எங்கள் பையன்கள் இரண்டு பேர், "இனிமே நாங்க தூக்கறதில்ல. வேற ஆள பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே கட்டுப்பாடு வந்துவிட்டது. சேரி ஆளை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. கடையில் உப்பு, நெருப்புப் பெட்டி கொடுக்கக் கூடாது. ஏரிக்கரை வழியில் முள் வெட்டிப் போட்டார்கள். சேரியில் கேப்பை வைத்திருந்த வீடுகள் இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தன. பிறகு எந்த வீட்டிலும் இல்லை.

மாமனார் சமாதானம் பேசப் போனார். அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஜனங்களில் தாலூகா ஆபீஸ் படியை முதலில் மிதித்தவர்களில் ஒருவர். எங்கெங்கோ சேரிகளுக்குக் கிணறு, சுடுகாட்டுக்குப் பாதை, இரவுப் பள்ளிக்கூடம் எல்லாம் அவர் கேட்டு வாங்கியவை. கேட்டு என்றால் நின்றுகொண்டே கேட்டு. எந்த ஆபீசிலும் அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை, அவரும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு காலையில் புறப்பட்டால் மாலை வரை நின்று, காரியத்தை முடித்துக்கொண்டுதான் திரும்புவார். அப்படித்தான் பெரிய வீட்டுக் களத்துமேட்டிலும் நின்று பேசி ஒரு முடிவோடு வந்தார். பையன்கள் இரண்டு பேரும் ஊர் முன்னால் காலில் விழ வேண்டும். கட்டுப்பாடு எடுக்கப்படும்.

அண்ணன் அப்போது அந்தச் சேரியில்தான் இருந்தான். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு, நெஞ்சுச் சளியோடு ஊர் திரும்பி, ஏரிக்குக் கீழே துண்டு நிலம் வாங்கி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தான். எங்கள் சேரியில் சொந்த நிலத்தில் உழுதவன் அவன் ஒருவன்தான். நானோ மிஷன் பள்ளியில் தங்கிப் படித்து, திண்டிவனத்தில் அதே பள்ளியில் டீச்சராக இருந்தேன். வாரத்தில் பள்ளிக்கூட அறையில் தங்கல், சனிக்கிழமை ரயிலேறி விழுப்புரம்.

"ரெண்டு பசங்க ஒரு நிமிஷம் குனிஞ்சா ஒரு சேரி சோறு தின்னும்," என்றார் மாமனார். "வயித்துக்கு இல்லாதவன் மானத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவான்? நான் உனக்கு முன்னாடி இதயெல்லாம் பாத்தவன்."

"அதுங்க பசியில கெடக்கறது எனக்குத் தெரியாதா மாமா? நான் அங்கதான இருக்கறேன். நீங்கதான் விழுப்புரத்துல இருக்கறீங்க."

மாமனாரை யாரும் அப்படி எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கோபப்படவும் இல்லை. "அப்ப நீ இன்னா பண்ணலாம்ங்கற?" என்று மட்டும் கேட்டார்.

"விழ மாட்டாங்க. நீங்க சங்கத்து பேர்ல குடுத்த வாக்கு உங்களோட. நான் போறேன்."

எழுந்து போனான். அவன் பின்னால் சிலர் எழுந்தார்கள். ஒருவர் எழுந்து, மாமனாரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்று, "அண்ணா, சாப்ட்டுட்டு போ" என்றேன். அவன் திரும்பாமலே கையை அசைத்தான். வாசல் காலியான பிறகு மாமனார் வந்து இலை முன்னால் உட்கார்ந்து, "எனக்குப் போடும்மா" என்றார். நான் போட்டேன்.

இப்படித்தான் அந்தக் கட்சி பிறந்தது. அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது 'அண்ணன் கட்சி', மற்ற இடங்களில் 'பிரிஞ்சி போனவனுங்க'. அதன் ஆபீஸ் திண்டிவனத்தில் ஒரு தையல்கடை. தையல்காரர்தான் செயலாளர். கோலாரில் அண்ணனோடு வேலை செய்த ஒருவர் எல்லாப் பொறுப்புகளையும் இழுத்துப்போட்டுச் செய்தார். கட்சி முழுவதும் ஒரே மாட்டு வண்டியில் ஏறிவிடும் என்று சங்கத்துக்காரர்கள் கேலி பேசினார்கள். அது பொய்யும் அல்ல.

ஆனால் அந்த வண்டிக் கூட்டம்தான் எங்கள் சேரிக்கு வேலை தேடிக் கொடுத்தது. கெடார் பக்கம் மல்லாட்டை பிடுங்கவும், வளவனூர் பக்கம் கரும்பு வெட்டவும் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போய் விட்டார்கள். போன இடத்திலேயே சமைத்து, மரத்தடியில் படுத்து, கிடைத்த கூலியில் தானியம் வாங்கித் தலையில் சுமந்து வந்தார்கள். பையன்கள் காலில் விழவில்லை. கட்டுப்பாடும் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே கிடந்தன.

நான் சனிக்கிழமை விழுப்புரம் போனால் மாமனாருக்குச் சமைத்தேன். திண்டிவனத்தில் சாயந்திரம் தையல்கடைக்குப் போய் அண்ணன் கட்சியின் நோட்டீசுகளை எழுதிக் கொடுத்தேன். மாமனாருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். "அந்த நோட்டீசுல தமிழு நல்லா இருக்குது" என்று ஒருநாள் என் கணவரிடம் சொன்னாராம். அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தது, எலெக்‌ஷன் வந்தது. எங்கள் ஜனங்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நிற்பவர் எங்கள் ஆளாக இருக்க வேண்டும், வோட்டுப் போடுவது எல்லா ஜாதியும். எல்லாருக்கும் வோட்டு கிடையாது. நிலவரி கட்டுகிறவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு வோட்டு இருந்தது. சேரியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே பெரிய வீட்டுக்காரர்கள் யாரைக் கைகாட்டுகிறார்களோ அவர்தான் எங்கள் பிரதிநிதி.

சங்கம் ஒருவரை நிறுத்தியது. பெரிய வீட்டுக்காரர்களும் அவரையே ஒத்துக்கொண்டார்கள். போட்டியே இல்லாமல் முடித்துவிடலாம் என்று பேச்சு. அப்போதுதான் அண்ணன் நிற்பதாகச் சொன்னான்.

அன்று முதல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அண்ணன் நிலத்தருகில் யார் யாரோ வந்து நின்று வரப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தையல்கடைக்கு எதிரில் ஒருவன் காலையிலிருந்து மாலைவரை பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக்கூட ஒருவர் ஸ்டேஷனில் மறித்து, "டீச்சர் வேலை நல்ல வேலைம்மா. அத்த கெடுத்துக்காத" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

நாமினேஷன் கொடுக்கக் கடைசி நாள். வேட்பாளரின் பெயரை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், இரண்டு பேரும் அந்தத் தொகுதியில் வோட்டு உள்ளவர்களாக இருக்க வேண்டும். முன்மொழிய கோலார்க்காரர், வழிமொழியத் தையல்காரர் என்று ஏற்பாடு. மத்தியானம் ஒரு மணிக்குள் திண்டிவனத்தில் ஆபீசரிடம் கொடுத்தாக வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் கோலார்க்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"டெய்லர் இல்லம்மா. கடை பூட்டிக் கெடக்குது. அவரு சம்சாரத்த கேட்டா பாண்டிச்சேரிக்குப் போய்ட்டாருன்னு அழுவுது. இட்டுக்கினு போனாங்களா, அவரே போனாரான்னு சொல்லமாட்டேங்குது."

"வேற யாரும் இல்லியா?"

"இருக்கறவனுக்கு வோட்டு இல்ல. வோட்டு இருக்கறவன் வீட்டுல இல்ல. காலையிலேர்ந்து சுத்திக்கினு இருக்கறேன்." வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு இங்க வோட்டு இருக்குது. உங்க அண்ணன் உங்களக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நானாத்தான் வந்தேன்" என்றார்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால், சங்கத்துத் தலைவரின் மருமகள் சங்கத்துக்கு எதிராக நிற்கிறாள் என்று மாலைக்குள் விழுப்புரம் முழுவதும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்திலும் அரசியலில் தலையிடக் கூடாது என்று கண்டிப்பான விதி. ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், வெளியே போக வேண்டும் என்றேன். வாசலில் நின்ற ஆளை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"சாப்பாட்டு நேரத்துல டீச்சருங்க எங்க போறாங்கன்னு நான் கேக்கற வழக்கமில்ல," என்றார். "ரெண்டாவது மணி அடிக்கறப்ப வகுப்புல இருக்கணும்."

ஏறக்குறைய ஓடினோம். ஆபீஸ் புளியமரத்தடியில் அண்ணன் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கோலார்க்காரர் மேல் பாய்ந்தான். "வேணாம்னு சொன்னனா இல்லியா?" பிறகு என்னிடம், "நீ போ. ஒரு எலெக்‌ஷனுக்காக உன் குடும்பத்த கெடுத்துக்காத. நான் நிக்காம போனா ஒண்ணும் முழுகிப் போயிடாது."

"பசங்க கால்ல விழாம இருந்ததுக்கு நம்ம அம்மா இந்த வருஷம் முழுக்க வளவனூர்ல கரும்புக் கட்டு சுமந்துது," என்றேன். "நான் ஒரு கையெழுத்துதான போடப் போறேன். பேனாவ குடு."

அண்ணன் கொடுக்கவில்லை. கோலார்க்காரர் கொடுத்தார்.

உள்ளே போனபோதுதான் மாமனாரைப் பார்த்தேன். வராந்தாவில் சங்கத்து வேட்பாளரும், பெரிய வீட்டுக்காரரும், அவர் கூட்டிவந்த வக்கீல் குமாஸ்தாவும் இருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமனார் சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்தேன். அந்த வராந்தா அவ்வளவு நீளமாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் தோன்றியதில்லை.

ஆபீசர் தாளை வாங்கிப் பார்த்தார். கிளார்க் வோட்டர் பட்டியலைப் புரட்டி என் பெயரில் விரலை வைத்தார். அப்போது வக்கீல் குமாஸ்தா முன்னால் வந்தார்.

"சார், ஒரு ஆட்சேபணை. பட்டியல்ல இருக்கற பேரு விழுப்புரத்து ஆளோட சம்சாரம்னு போட்டிருக்குது. இந்தப் பேர்ல இந்த டவுனுல வேற டீச்சரும் இருக்கறாங்க. இவங்கதான் அவங்கன்னு எப்படி ஒத்துக்கறது?"

"நான்தான் சார்," என்றேன்.

"நீங்க சொல்லிட்டா ஆச்சா?" என்றார் குமாஸ்தா. "யாராவது அடையாளம் சொல்லணும். வேட்பாளருக்கு வேண்டியவங்க சொல்றது செல்லாது."

ஆபீசர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆள் கூட்டிவர நேரம் இல்லை. அப்படி யாராவது வந்தாலும் அவர்களுக்கு வேலை போய்விடும். அண்ணன் பேச வாயெடுத்தான், ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். கிளார்க் பட்டியலை மறுபடி படித்துவிட்டு, "சார், இதுல மாமனார் பேரும் எழுதியிருக்குது. அவரு வெளியிலதான் நிக்கறாரு" என்றார்.

குமாஸ்தா சிரித்ததை நான் பார்த்தேன். அவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மாமனார் ஒன்றும் பொய் சொல்லக்கூட வேண்டாம். 'எனக்குத் தெரியாது' என்றாலே போதும், நேரம் முடிந்துவிடும்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். அவர் பின்னால் பெரிய வீட்டுக்காரரும் எழுந்து வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தம்மா உங்க மருமகளா?" என்று கேட்டார் ஆபீசர்.

மாமனார் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. என் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் மரத்துப்போயிருந்தது.

"ஆமாங்க," என்றார். "என் மருமகதான். என் மவன் சம்சாரம்."

"பட்டியல்ல இருக்கறது இவங்கதானே?"

"இவதாங்க. வேற யாரும் இல்ல."

ஆபீசர் தாளில் முத்திரை குத்தினார். பெரிய வீட்டுக்காரர் மாமனாரை ஒருமுறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாமனாரும் போனார். நான் பின்னாலேயே ஓடி, "மாமா" என்றேன். அவர் நிற்காமல் நடந்தார். புளியமரம் தாண்டிய பிறகு திரும்பி, "இந்த சனிக்கெழம வீட்டுக்கு வராதம்மா" என்றார். "அடுத்த சனிக்கெழமையும் வேணாம்."

இரண்டாவது மணி அடிக்கும்போது நான் வகுப்பில் இருந்தேன். அன்று பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது நினைவில்லை.

என் கணவர் மறுநாள் டியூட்டி முடிந்து திண்டிவனம் வந்தார். அடிப்பார் என்று பயப்படவில்லை, அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் பேசாமல் இருந்துவிடுவார் என்று பயந்தேன். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றே பேசினோம்.

"அப்பா நேத்திலேர்ந்து சரியா சாப்புடல," என்றார். "உன்ன ஒண்ணும் திட்டல. உன் பேரையே எடுக்கல."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"நான் இன்னா சொல்றது? போட்டது நீ. கையெழுத்து உன்னுது." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்கயும் எங்கப்பா, இங்கயும் நீ. எனக்கு ரெண்டு பக்கமும் வண்டி வருது. எந்த லைன மாத்தறதுன்னு தெரியல" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வோட்டு நாளில் காலையிலேயே திண்டிவனத்தில் என் வோட்டைப் போட்டுவிட்டு, கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிக் கூட்டேரிப்பட்டில் இறங்கி ஊருக்கு நடந்தேன். அண்ணனுக்குப் பச்சைப் பெட்டி, சங்கத்து ஆளுக்குச் சிவப்புப் பெட்டி. எங்கள் ஊருக்குச் சாவடி, ஊர்த்தெருவின் கடைசியில் இருந்த பள்ளிக்கூடம். அந்தத் தெருவில் எங்கள் ஜனங்கள் காலில் செருப்போடு நடப்பதில்லை.

நான் சேரிக்குள் நுழைந்தபோது அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது, எங்கள் ஆட்களுக்குள்ளேயே. யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய மூன்று பேர் காக்கி உடுப்பும் பட்டாள பூட்சும் போட்டுக்கொண்டு நின்றார்கள். சேரியில் இருந்த வோட்டுகளில் பாதி அவர்களுடையது. அண்ணன் அவர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒரு நாளு கழட்டி வச்சிட்டு வாங்கப்பா. அங்க தெரு பூரா ஆளு நிக்குது. அடிதடி ஆச்சுன்னா சாவடிய மூடிடுவானுங்க. வோட்டு போவட்டும் மொதல்ல."

மூன்று பேரில் மூத்தவர் பர்மா காட்டில் இருந்துவிட்டு வந்தவர். அவர் சத்தம் போடாமல் கேட்டார்:

"ரெண்டு பசங்க ஒரு நிமிஷம் குனியட்டும்னு உங்க தங்கச்சி மாமனாரு சொன்னாரு. அதுக்குத்தான அவரு சங்கத்த விட்டு வந்தீங்க? இப்ப நீங்க இன்னா சொல்றீங்க?"

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. எனக்கு அந்த நேரம் மாமனாரின் நினைப்புதான். ஒரு சேரியை முதுகில் வைத்துக்கொண்டு ஒருவர் முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அண்ணன் முகத்தில் பார்த்தேன்.

அவன் வீட்டுக்குள் போனான். கோலாரிலிருந்து கொண்டுவந்த சுரங்க பூட்சு, தோல் வெடித்துக் கிடந்தது, அதை எடுத்து வந்து கல்மேல் உட்கார்ந்து மாட்டினான். வார் அறுந்திருந்தது, கயிறு போட்டுக் கட்டினான்.

"நான் முன்னாடி போறேன்," என்றான். "யாரும் கையில ஒண்ணும் எடுக்கக் கூடாது. கல்லு வந்தாலும் குனிஞ்சி எடுக்கக் கூடாது. ஓடவும் கூடாது. பொம்பளைங்க கடைசில வாங்க."

நாங்கள் ஏரிக்கரையை ஏறி இறங்கி ஊர்த்தெருவில் நுழைந்தோம். இரண்டு பக்கமும் ஆட்கள். யாரும் பேசவில்லை. மண்தெருவில் அந்த பூட்சுகளின் சத்தம் எனக்குக் காது அடைக்கும்படி கேட்டது. பெரிய வீட்டு வாசலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைத் தாண்டும்போது எங்கிருந்தோ ஒரு செங்கல் துண்டு வந்து அவன் காதுக்கு மேலே பட்டது. ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. என் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். ஓடிப்போய் அவனைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அவன் ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தான். அவனும் நின்று பார்க்கவில்லை, நடையை மாற்றவில்லை. அடுத்த கல் வரும் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டே நடந்தோம். அது வரவில்லை. சாவடி வாசலில் இருந்த கான்ஸ்டபிள் முதலில் பூட்சுகளைப் பார்த்தார், பிறகு உடுப்பில் தைத்திருந்த பட்டைகளைப் பார்த்தார், வழி விட்டார்.

வோட்டு இருந்தவர்கள் எல்லாரும் போட்டார்கள். காலில் போட்டதைக் கழற்றாமலே திரும்பினார்கள்.

அதற்கு விலை இருந்தது. திரும்பி வந்தபோது அண்ணன் நிலத்தில் ஒரு மந்தை மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பிடுங்குவதற்கு இருந்த மல்லாட்டைக் கொடி முழுவதும் மிதிபட்டு மண்ணோடு கிடந்தது. காதுக்கு மேல் என் முந்தானையில் கிழித்த துணியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். அண்ணி மட்டும் மண்ணைக் கிளறிக் கிடைத்த காய்களைப் பொறுக்கி மடியில் கட்டினாள்.

அண்ணன் தோற்றான். பச்சைப் பெட்டியில் விழுந்தது மிகக் கொஞ்சம், டிபாசிட்டும் போயிற்று. சங்கத்து ஆள் ஜெயித்து மாலையோடு விழுப்புரம் தெருவில் ஊர்வலம் போனார்.

ஆனால் ஊரில் கரும்பு வெட்டும் பருவம் வந்ததும் பெரிய வீட்டுக் காரியக்காரர் சேரி எல்லையில் வந்து நின்று, "ஆளுங்க வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலில் விழுவது பற்றி அவரும் பேசவில்லை, எங்கள் ஆட்களும் கேட்கவில்லை. அதன் பிறகு ஊரில் மாடு செத்தால் வேறு எங்கிருந்தோ ஆள் வந்தது. எங்கள் சேரிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மாமனாரின் தலைவர் பதவி போனது சில மாதம் கழித்துத்தான். 'சொந்த மருமகளை அடக்கத் தெரியாதவர்' என்று அவர் வளர்த்த ஆட்களே பேசினார்கள். அவர் ஆபீசில் சொன்ன ஒரு வார்த்தையால்தான் எதிராளி நிற்க முடிந்தது என்று ஜெயித்தவரே எழுந்து சொன்னாராம். மாமனார் சங்கத்துப் பெட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இதைக் கணவர் வந்து சொன்னபோது நான் அந்தச் சனிக்கிழமையே ரயில் ஏறினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டில் அவர் மட்டும் இருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"வண்டி லேட்டா?" என்றார்.

"முண்டியம்பாக்கத்துல நிறுத்திப் போட்டுட்டான் மாமா."

"அங்க தெனம் அப்படித்தான்." அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, "பானையில அரிசி இருக்குது பாரு" என்றார். நான் அடுப்படிக்குப் போனேன். எங்களுக்குள் அதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான் நடந்தது. பிறகு பல வருஷம் ஒன்றாக இருந்தோம்.

அண்ணன் கட்சி யாரும் மூடாமலே மூடிப்போனது. சுதந்திரம் வந்த பிறகு ஒருவர் ஆளும் கட்சிக்குப் போனார், ஒருவர் கறுப்புச் சட்டை போட்டார், சிலர் சங்கத்துக்கே திரும்பினார்கள். தையல்காரர் பாண்டிச்சேரியிலேயே கடை வைத்துவிட்டார் என்று கேள்வி. அவரைக் கொண்டுபோனார்களா, அவராகப் போனாரா என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் நிலத்தை விற்றுவிட்டு, குடும்பத்தோடு மறுபடி கோலாருக்கே கிளம்பினான்.

விழுப்புரத்தில் காட்பாடி வண்டிக்கு மாற வேண்டும். நான் சோறு கட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போயிருந்தேன். அண்ணி பெட்டியில் ஏறி மூட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். திரும்பினேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், மாமனார் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். வருவதாக என்னிடம் சொல்லவில்லை.

அவர் இந்தப் பக்கம் வரவில்லை. அண்ணனும் அந்தப் பக்கம் போகவில்லை. கை கூப்பினானா என்றால், மூட்டை தூக்கிய கை பாதி உயர்ந்தது, அவ்வளவுதான் நான் பார்த்தேன். கொடி காட்டினார்கள், வண்டி நகர்ந்தது.

கடைசிப் பெட்டி போன பிறகு மாமனார் மெதுவாக என்னிடம் வந்தார்.

"அவனுக்கு எடம் கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கெடச்சுது மாமா. ஜன்னலோரம்."

தலையை ஆட்டினார். இரண்டு பேரும் தண்டவாளத்தை ஒட்டியே வீட்டுக்கு நடந்தோம்.